தங்கம் வேலைக்குப் போன கதை

பழனியைச் சுத்தி இருக்கற ஊர்க்காரங்களுக்கு ரசவாதம் ஒண்ணும் புது வார்த்தை இல்லை. போகர் பேர் புழங்கற வரைக்கும் அதுவும் புழங்கும். ஈயத்தைப் பொன்னாக்கினாங்க, செம்பைப் பொன்னாக்கினாங்கன்னு எங்க நெய்க்காரப்பட்டிப் பக்கமும் கதை சொல்ல ஆள் உண்டு. ஆக்கினதைக் கண்ணால பார்த்த ஆள்தான் கிடையாது. இந்தக் கதைகள் எல்லாத்துலயும் திசை ஒண்ணுதான், கவனிச்சிருக்கீங்களா? மத்த உலோகம் எல்லாம் மாறும், தங்கம் மட்டும் மாறாது. தங்கம்தான் கடைசி ஸ்டேஷன். அங்க போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் ஓய்வுதான்.

அப்படி ஓய்வுல உக்காந்திருந்த தங்கத்தை எழுப்பி, துருப்பிடிச்ச இரும்போட சேர்த்து வேலைக்கு அனுப்பின கதைதான் இந்தப் பதிவு. அது செய்யற வேலை, கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவைச் சாதாரணக் கரியமில வாயுவா மாத்தறது. கொஞ்சம் வேதியியல் வரும். பயந்து ஓடிடாதீங்க, நானும் பரீட்சை வைக்கப் போறதில்லை :-)

முதல்ல வில்லனைப் பார்த்துடுவோம்.

2024 ஆகஸ்ட்ல கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி நண்பர்கள்ல ரெண்டு பேர் தங்கின இடத்துலயே இறந்து கிடந்தாங்க. ராத்திரி கரி அடுப்புல கறி சுட்டுச் சாப்பிட்டுட்டு, குளிருக்காக அடுப்பை அறைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் தூங்கினாங்க, அந்தப் புகைதான் காரணம்னு செய்தி வந்துச்சு. நம்ம மாவட்டத்துல நடந்தது. வருஷா வருஷம் ஏதாவது ஒரு குளிர்ப் பிரதேசத்துலருந்து இதே மாதிரி செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு.

கரி நல்லா காத்தோட்டத்துல எரிஞ்சா கரியமில வாயு வரும். காத்து பத்தலைன்னா பாதி எரிஞ்ச நிலையில கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கறதைவிட இதை 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். அப்புறம் ஆக்சிஜன் ஏற இடம் ஏது? தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே போயிடும். எங்க பக்கம் கரும்பு ஆலையிலயும் கொப்பரைக்கு அடியில சக்கை நாள் பூரா எரியுது. ஆனா அது நாலு பக்கமும் திறந்த கொட்டகை, வாயு தங்கறதில்லை. தட்டார் பட்டறையில குமுட்டி அடுப்புக்கும் இதே கதைதான், வாசல் திறந்திருக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை.

இங்க ஒரு கேள்வி வரணும். அறைக்குள்ள மிச்சம் ஆக்சிஜன் இருக்குல்ல, கார்பன் மோனாக்சைடும் இருக்குல்ல, ரெண்டும் தானாச் சேர்ந்து கரியமில வாயுவா ஆகிட வேண்டியதுதானே? சேர்ந்தா சூடுதான் வெளிய வரும், அந்த அளவுக்கு ரெண்டுக்கும் சேர இஷ்டம்தான். ஆனா ஆக்சிஜன் ரெண்டு ரெண்டு அணுவா ஜோடி கட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஜோடியைப் பிரிக்கணும். சாதாரண வெப்பத்துல அதுக்குத் தெம்பு பத்தாது. நடுவுல ஒரு தரகர் வேணும். அந்தத் தரகருக்குத்தான் வினையூக்கின்னு பேர். 1835-ல ஸ்வீடன்காரர் பெர்சீலியஸ் இந்தச் சங்கதிக்கு ஒரு பேர் வச்சதுலருந்து தரகர் தேடற வேலை நடந்துக்கிட்டே இருக்கு.

சுரங்கத்துக்காரங்கதான் இந்த வாயுகிட்ட அதிகமா அடி வாங்கினவங்க. 1890-கள்ல ஜான் ஸ்காட் ஹால்டேன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ஞ்சு, வெடிப்புல செத்ததைவிட அதுக்கப்புறம் இந்த வாயுவால செத்தவங்கதான் அதிகம்னு காட்டினார். குருவி மாதிரி சின்ன உயிர்கள் மனுஷனுக்கு முன்னாடியே மயங்கும், அதைக் கூட எடுத்துக்கிட்டுப் போங்கன்னு யோசனை சொன்னதும் அவர்தான். பிரிட்டன்ல 1986 வரைக்கும் கேனரிக் குருவியைச் சுரங்கத்துக்குள்ள கொண்டுபோனாங்க. யோசிச்சுப் பாருங்க, மனுஷன் நிலாவுல இறங்கி 17 வருஷம் ஆனப்புறமும் இந்த வாயுவுக்குக் குருவிதான் காவல்.

குருவி எச்சரிக்கை மட்டும்தான் பண்ணும், வாயுவை ஒழிக்காது. ஒழிக்கறதுக்கு உருப்படியா வந்த முதல் ஆள் முதல் உலகப் போர் சமயத்து ஹாப்கலைட். மாங்கனீசு ஆக்சைடும் செம்பு ஆக்சைடும் கலந்த பொடி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிபோர்னியா ரெண்டு பல்கலைக்கழகப் பேரையும் ஒட்டவச்சு அந்தப் பேர். விஷவாயு முகமூடிக்குள்ள இதை வச்சா சாதாரண வெப்பத்துலயே கார்பன் மோனாக்சைடை மாத்திடும். அருமையான சரக்கு, ஆனா ஒரு பெரிய நோக்காடு உண்டு: ஈரம் ஆகாது. காத்துல இருக்கற நீராவி பட்டாலே படுத்துடும். அதனால முன்னாடி ஈரம் உறிஞ்சற பொடி ஒண்ணு வைக்கணும், அது நிறைஞ்சதும் கதை முடிஞ்சது.

அடுத்த ஆள் பிளாட்டினம். 1922-ல இர்விங் லாங்மூர் இதை அலசி ஆராய்ஞ்சார். (பத்து வருஷம் கழிச்சு மேற்பரப்பு வேதியியலுக்காக நோபல் வாங்கினவர்.) பிளாட்டினத்தோட தொல்லை என்னன்னு அவர் சொன்னது சுவாரசியமானது. அது கார்பன் மோனாக்சைடை ரொம்ப இறுக்கமாக் கட்டிப் பிடிச்சுக்குது. பஸ்ல சீட்டு மொத்தமும் ஒரே கோஷ்டி துண்டு போட்டுப் பிடிச்சுட்டா அடுத்த ஸ்டாப்ல ஏறறவனுக்கு இடம் இருக்குமா? அதே மாதிரி ஆக்சிஜன் வந்து உக்கார இடமே இல்லாமப் போயிடுது. சூடு பண்ணினாத்தான் அந்தக் கோஷ்டி கொஞ்சம் எழுந்திருக்கும். காருக்கு அடியில இருக்கற மாற்றிக் குப்பியிலயும் இதே கதைதான். 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினாங்க. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் உள்ள இருக்கு. ஆனாலும் வண்டி கிளம்பின முதல் சில நிமிஷம், குப்பி சூடாகற வரைக்கும், புகை அப்படியே வெளிய போகுது.

ஆக, ஒருத்தருக்கு ஈரம் ஆகாது, இன்னொருத்தருக்குக் குளிர் ஆகாது. இந்த இடத்துலதான் நம்ம கதாநாயகன் வரணும். ஆனா அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

ஏன் கூப்பிடலை? தங்கத்தோட நல்ல பேர்தான் காரணம். துருப்பிடிக்காது, கறுக்காது, ஒரு அமிலத்துக்கும் மசியாது. ராஜ திராவகம் ஒண்ணுதான் கரைக்கும். அந்த மாதிரி ரெண்டு மூணு விதிவிலக்கை விட்டா யாரோடயும் ஒட்டு உறவு வச்சுக்காத ஆசாமி. வினையூக்கிக்கு முதல் தகுதியே வர்றவங்களைக் கொஞ்ச நேரமாவது பிடிச்சு வச்சுக்கறதுதான். தங்கத்தோட தட்டையான முகத்துல ஆக்சிஜன் மூலக்கூறு வந்து உக்காரவே உக்காராது. 1995-ல டென்மார்க்கைச் சேர்ந்த ஹாமரும் நோர்ஸ்கோவும் எல்லா உலோகத்துலயும் தங்கம் ஏன் இவ்வளவு ஒட்டாத ஜாதின்னு கணக்குப் போட்டு ஒரு கட்டுரையே எழுதினாங்க. பாடப்புத்தகத் தீர்ப்பும் அதுதான்: தங்கம் வினையூக்கி வேலைக்கு லாயக்கில்லை.

இத்தனைக்கும் தங்கத்தைப் பொடிப்பொடியா ஆக்கினா குணம் மாறும்னு ரொம்ப காலமாவே தெரியும். 1857-ல மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசல்லருந்து சிவப்பா ஒரு திரவம் தயார் பண்ணி, இந்த நிறம் ரொம்ப நுண்ணிய தங்கத் துகளோட நிறம்னு சொன்னார். அவர் பண்ணின குப்பிகள் லண்டன்ல இன்னும் பத்திரமா இருக்கு. நிறம் மாறுதே, வேலை மாறுமான்னு கேட்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1973-ல ஜெஃப்ரி பாண்டும் அவரோட கூட்டாளிகளும் சிலிக்கா மேல தூவின தங்கம் ஹைட்ரஜன் ஏத்தற வேலையைச் செய்யுதுன்னு காட்டினாங்க. பெரிசா யாரும் கண்டுக்கலை.

1982-ல ஜப்பான் ஒசாகாவுல ஒரு அரசாங்கத் தொழில் ஆராய்ச்சிக் கூடத்துல மசதாகே ஹாருதா வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அவரோட கணக்கு எளிமையானது. சில உலோக ஆக்சைடுகள் ஆக்சிஜனை விடாப்பிடியாப் பிடிச்சிருக்கு. சிலது சீக்கிரம் விட்டுடுது. கஞ்சனையும் ஊதாரியையும் ஒரே வீட்டுல குடிவச்சா நடுத்தரமா ஒரு குடும்பம் அமையாதா? ஆக்சிஜனை வச்சுக்கவே தெரியாத ஊதாரின்னா அது தங்கம்தான். அதை இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளோட சேர்த்துப் பார்த்தார்.

சேர்த்த முறையிலதான் விஷயமே இருக்கு. பத்தர் பட்டறையில ராஜ திராவகத்துல தங்கத்தைக் கரைச்சா மஞ்சளா ஒரு கரைசல் கிடைக்கும்ல, அந்த வகைத் தங்க உப்பையும் இரும்பு உப்பையும் ஒண்ணாக் கரைச்சு, அதுல சோடா உப்புக் கரைசலை விட்டார். ரெண்டும் ஒரே நேரத்துல வண்டலா அடியில இறங்குச்சு. நல்லா அலசி, காயவச்சு, 400 டிகிரி வாக்குல சுட்டார். கையில கிடைச்சது பார்வைக்குச் செங்காவிப் பொடி. உள்ள, துருவோட மேனி பூரா, சில நானோமீட்டர் அளவுத் தங்க மணிகள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

இந்தப் பொடி மேல கார்பன் மோனாக்சைடு கலந்த காத்தை விட்டா, அது கரியமில வாயுவா மாறுது. சாதாரண வெப்பத்துல மட்டுமில்லை, சுழியத்துக்குக் கீழ 70 டிகிரியிலயும் மாறுது! அதைவிட முக்கியம், ஈரக் காத்துலயும் படுக்கலை. ஹாப்கலைட்டைப் படுக்கவச்ச நீராவி இங்க உதவியே பண்ணுதுன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. 1982-ல பார்த்ததை 1987-ல கூட்டாளிகள் கோபயாஷி, சானோ, யமாதாவோட சேர்ந்து சின்னக் கட்டுரையா வெளியிட்டார்.

இதே தங்கம், இதே இரும்பு. முன்னாடி ஏன் யாருக்கும் அகப்படலை? அளவுதான். நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். ஒரு பவுன், அதாவது 8 கிராம் தங்கத்தை ஒரே கட்டியா வார்த்தா ஒரு பக்கம் முக்கால் சென்டிமீட்டர் வர்ற கனசதுரம் கிடைக்கும். மேற்பரப்பு மொத்தமே மூணே கால் சதுர சென்டிமீட்டர் சொச்சம், கட்டைவிரல் நகம் ரெண்டு மூணு. அதே பவுனை 3 நானோமீட்டர் மணிகளா ஆக்கினா மேற்பரப்பு 830 சதுர மீட்டர். நிலத்துல சொன்னா 20 சென்ட்! பவுனை வித்து 20 சென்ட் வாங்க முடியாது, பவுனையே 20 சென்டா ஆக்கலாம் :-) ஒரு மணிக்குள்ள இருக்கற அணுக்கள் சுமார் 800தான். அதுல கணிசமானது ஓரத்துலயும் மூலையிலயும் நிக்குது. நடுவுல இருக்கற அணுவுக்குச் சுத்தியும் பன்னிரண்டு பக்கத்து வீடு. மூலையில நிக்கறதுக்கு அதுல பாதிகூட இல்லை. அந்த ஏக்கத்துல போற வர்ற கார்பன் மோனாக்சைடைக் கூப்பிட்டு உக்காரவச்சுக்கும். ஆனா தங்கம் தங்கம்தான், பிளாட்டினம் மாதிரி கட்டிப் பிடிக்காது. லேசாப் பிடிக்கும், வேலை முடிஞ்சதும் விட்டுடும். அதனாலதான் குளிர்லயும் பஸ் காலியாகிக்கிட்டே இருக்கு.

எதைக் காரணம் காட்டித் தங்கத்தை இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு ஒதுக்கினாங்களோ, அந்த ஒட்டாத குணம்தான் அதோட பலம். அதைப் பலமா மாத்த ரெண்டு நிபந்தனை இருந்துச்சு. ஒண்ணு, சிறுசா இருக்கணும். இன்னொண்ணு, பக்கத்துல ஒரு ஆக்சைடு இருக்கணும்.

கிட்டத்தட்ட அதே சமயத்துல பூமியோட இன்னொரு மூலையில இன்னொருத்தரும் தங்கத்தைத் தொட்டார். தென்னாப்பிரிக்காவுல, தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர்ல, கிரஹாம் ஹட்சிங்ஸ் 1985-ல எழுதினது: அசிட்டிலீன்லருந்து பிவிசி குழாய்க்கான மூலப்பொருளைச் செய்யறதுக்கு எல்லா உலோகத்தையும்விடத் தங்கம்தான் நல்ல வினையூக்கி. அந்த வேலைக்கு வழக்கமாப் போட்டது பாதரச உப்பு. பாதரசம்னா என்னன்னு திண்டுக்கல் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 2001-ல மூடவச்சதே அதுதான். பாதரசத்துக்கு எதிரா 2013-ல மினமாட்டா ஒப்பந்தம் வந்தப்புறம், சீனாவுல இந்தத் தங்க வினையூக்கி தொழிற்சாலைக்குள்ளயே போயிடுச்சு. ஆக 1980-கள்ல தங்கத்துக்கு ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல வேலை கிடைச்சிருக்கு.

சரி, வேலை நடக்குது. ஆனா யார் செய்யறாங்க, தங்கமா துருவா? இதுக்குப் பதில் தேடின கதை முப்பது வருஷம் ஓடுச்சு. எனக்கு மொத்தத்துலயும் பிடிச்ச பகுதி இதுதான்.

1998-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல வால்டென், லாய், குட்மேன் மூணு பேரும் டைட்டானியம் ஆக்சைடு மேல தங்கத்தைத் தீவு தீவா வளர்த்துப் பார்த்தாங்க. ரெண்டே அணு உயரம், 3 நானோமீட்டர் வாக்கு அகலம் இருக்கற தீவுதான் அதிகமா உழைக்குது. அதைவிடப் பெருசானாலும் சோம்பேறி, சிறுசானாலும் சோம்பேறி. தங்கத்துக்கு ஒரு ஓட்டு.

2003-ல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல மரியா ஃபிளிட்சானி-ஸ்டெஃபனோபௌலோஸ் குழு ஒரு குறும்பு வேலை செஞ்சுது. சீரியம் ஆக்சைடு மேல தங்கம் தூவின வினையூக்கியை எடுத்து சயனைடுல கழுவிட்டாங்க. கோலார் தங்கவயல் ஞாபகம் வருதா? தமிழ்ச் சனங்க தலைமுறை தலைமுறையா இறங்கி வெட்டின அந்தச் சுரங்கத்துல, பாறைத் தூள்லருந்து தங்கத்தைப் பிரிச்சது சயனைடுதான். 2001-ல சுரங்கத்தை மூடினப்புறமும் அந்தக் கழிவு மேடுகள் ஊர் நடுவுல நிக்குது. அதே சயனைடு இங்க தங்க மணிகள் எல்லாத்தையும் கரைச்சு எடுத்துடுச்சு. மிச்சம் இருந்தது ஆக்சைடுக்குள்ள அயனியா ஒட்டிக்கிட்டிருந்த கொஞ்சூண்டு தங்கம். கார்பன் மோனாக்சைடை நீராவியோட சேர்த்து மாத்தற வேலையில வேகம் குறையவே இல்லை! அப்ப அந்த வேலையில மணிகள் எல்லாம் வெறும் வேடிக்கை பார்த்த கூட்டமா? ஆக்சைடோட கலந்த அணுக்களுக்கு ஒரு ஓட்டு.

2011-ல வர்ஜீனியாவுல யேட்ஸ், நியூராக் குழு அகச்சிவப்பு ஒளியை வச்சு நேரடியாப் பார்த்துச் சொன்னது: டைட்டானியம் ஆக்சைடு மேல வேலை நடக்கறது தங்க மணியோட உச்சியிலயும் இல்லை, ஆக்சைடு மைதானத்துலயும் இல்லை. ரெண்டும் தொட்டுக்கற விளிம்புல. வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல இருக்கற வரப்புல. ஆக்சிஜன் ஜோடி அங்கதான் பிரியுது. 2014-ல டெக்சாஸ்லருந்து சாண்ட்லர் குழு, அந்த வரப்புல ஒட்டியிருக்கற தண்ணிதான் புரோட்டானைக் கைமாத்திக் கொடுத்து ஆக்சிஜனைப் பிரிக்க உதவுதுன்னு காட்டுச்சு. ஹாருதாவோட பொடி ஈரத்துக்கு ஏன் பயப்படலைன்னு அப்பத்தான் ஒரு விளக்கம் வந்துச்சு.

பொடியில கோடிக்கணக்கான மணிகள் இருக்கறதுனால எது என்ன செய்யுதுன்னு சொல்லறது கஷ்டம். தேர்த் திருவிழாக் கூட்டத்துல ஒருத்தன் என்ன பேசினான்னு கேட்கற மாதிரி. அதனால சிலர் கூட்டத்தையே கலைச்சுட்டு, அணுவை எண்ணி எண்ணி எடுத்தாங்க. பெய்ஜிங்ல ஷெங்-குய் ஹே குழு லேசர்ல உலோகத்தைச் சுட்டு ஆவியாக்கி, அதுலருந்து மூணு அலுமினிய அணு, சில ஆக்சிஜன், ஒரே ஒரு தங்க அணு இருக்கற கொத்தை எடை பார்த்துப் பிரிச்செடுத்து, அது மேல மட்டும் கார்பன் மோனாக்சைடை விட்டாங்க. 2014-ல வெளியிட்டாங்க. ஒரே ஒரு அணு, அதைவிடச் சிறுசா தங்கம் கிடையாது.

அந்த ஒத்தை அணு என்ன பண்ணுச்சு? முதல் வேலை, கார்பன் மோனாக்சைடைப் பிடிச்சு ஆக்சைடுகிட்ட இருக்கற ஆக்சிஜன்கிட்ட கொண்டுபோய் விடறது. ரெண்டும் சேர்ந்து கரியமில வாயுவாக் கிளம்பிப் போயிடுது. போகும்போது ஆக்சிஜன் தன்னோட எலக்ட்ரான்களை விட்டுட்டுப் போகுது. அதை யாராவது வாங்கி வச்சுக்கணும். இங்கதான் ரெண்டாவது வேலை. தங்கம் பக்கத்துல இருக்கற அலுமினியத்தோட கை கோத்துக்குது, அந்தப் பிணைப்புல எலக்ட்ரான் பத்திரமா இருக்கு. புது ஆக்சிஜன் வந்து கேட்டா கையை விட்டுட்டு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துடுது. வட்டி இல்லாத கைமாத்து. கொத்து பழையபடி ஆகிடுது, அடுத்த சுற்று ஆரம்பம். யாரோடயும் ஒட்டாதுன்னு பேரெடுத்த உலோகம், ஒத்தை அணுவா நிக்கும்போது ஒட்டியும் விட்டும்தான் பிழைக்குது.

ஆக "தங்கமா துருவா"ங்கற கேள்வியே சரியில்லாத கேள்வி. தங்கம் இல்லாம ஆக்சைடுக்கு இந்தக் குளிர்ல வேகம் இல்லை. ஆக்சைடு இல்லாமத் தங்கத்துக்கு ஆக்சிஜன் இல்லை. எந்த ஆக்சைடு, மணி எவ்வளவு பெருசுங்கறதைப் பொறுத்துப் பங்கு கூடும் குறையும், அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க இதுல எங்க இருக்காங்கன்னு கேட்பீங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல கே.சி.பாட்டீல் 1988-ல ஒரு எளிய வழி காட்டினார். உலோக நைட்ரேட்டோட யூரியாவைக் கலந்து உலைக்குள்ள வச்சா குப்புன்னு பத்திக்கிட்டு எரிஞ்சு, சில நிமிஷத்துல பஞ்சு மாதிரி ஆக்சைடுப் பொடி தயார். ஆமாங்க, உரக்கடை யூரியாவேதான். அதே கழகத்துல எம்.எஸ்.ஹெக்டேயும் கிரிதர் மதராஸும் அந்த வழியில பல்லேடியம், பிளாட்டினத்தை மணியா இல்லாம, சீரியம் ஆக்சைடோட படிகத்துக்குள்ளயே அயனியா உக்காரவச்சாங்க. மேல மணியாத் தூவினதைவிட உள்ள அயனியா உக்காந்தது கார்பன் மோனாக்சைடை வேகமா மாத்துது. 2009-ல இதையெல்லாம் தொகுத்து எழுதினாங்க. சயனைடு கழுவல் சொன்ன அதே சேதி, வேற உலோகத்துல, வேற பாதையில.

சென்னை ஐஐடியில 2003-ல டி.பிரதீப்பும் அவர் மாணவரும் வெள்ளி, தங்க நுண்துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரி பிடிவாதக்கார மூலக்கூறுகளை உடைக்குதுன்னு காட்டினாங்க. பூச்சிமருந்துகளையும் அப்படிப் பிடிக்கலாம்னு தெரிஞ்சப்போ, அலுமினிய ஆக்சைடு மேல வெள்ளித் துகளை ஏத்தி, குடிதண்ணி வடிகட்டியா 2007 வாக்குல கடைக்கே வந்துடுச்சு. இது வாயு இல்லை, தண்ணி. ஆனா உன்னத உலோகத்தை ஆக்சைடு மேல உக்காரவச்சு வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுவந்த விஷயத்துல நமக்குப் பக்கத்து உதாரணம் இதுதான். அதே வளாகத்துல 2006-லருந்து வினையூக்கிகளுக்குன்னே ஒரு தேசிய ஆய்வு மையமும் இயங்குது.

அப்ப தங்க வினையூக்கி ஏன் வீட்டுக்கு வீடு வரலை? ஜப்பான்ல வந்துச்சு. 1992-லருந்து, எங்க தெரியுமா? கழிப்பறையில! நாத்தம் பிடிச்ச வாயுவை உடைக்கறதுக்கு. தங்கத்துக்குக் கிடைச்ச முதல் வீட்டுவேலை அது :-) அதைத் தாண்டிப் பெருசாப் பரவலை. விலை ஒரு காரணம்னு தோணும், ஆனா நூறு கிராம் பொடிக்கு ஒரு கிராம் தங்கமே பொதுவாப் போதும், பிளாட்டினமும் மலிவு இல்லை. உண்மையான எதிரி சூடு. தோசைக்கல்லுல சிதறின எண்ணெய்த் துளிகள் ஒண்ணோட ஒண்ணு ஓடிச் சேருமே, அதே மாதிரி சூட்டுல தங்க மணிகள் ஒண்ணு சேர்ந்து பெருசாகிடும். பெருசானா பழையபடி நகைக்கடைத் தங்கம், வேலை செய்யாது. கார் குப்பியோட சூடு அதுக்குத் தாங்காது. தயாரிக்கும்போது சரியா அலசாம குளோரைடு தங்கிட்டாலும் கெட்டுடும். கந்தகம் பட்டாலும் கெட்டுடும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடணும். நாளைக்கே இந்தப் பொடி மலிவாக் கிடைச்சு, கொடைக்கானல் விடுதி ஒவ்வொண்ணுலயும் ஒரு பெட்டி மாட்டினாலும், மூடின அறையில கரி அடுப்பு வச்சுத் தூங்கறது தப்புதான். வினையூக்கி கார்பன் மோனாக்சைடை மாத்தறதுக்கு அறையில இருக்கற ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அடுப்பும் அதையேதான் தின்னுக்கிட்டிருக்கு. புதுக் காத்தை உள்ள கொண்டுவர எந்தத் தரகராலும் முடியாது, ஜன்னலாலதான் முடியும். ஆலைக் கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் வைக்காம விட்ட நம்ம பெரியவங்களுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது, ஆனா அந்தத் திறந்த பக்கம்தான் இன்னிக்கு வரைக்கும் காப்பாத்துது. மலைக்கு டூர் போற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, அடுப்பை வெளிய வைங்கப்பா. அணைஞ்ச மாதிரி கனன்டுக்கிட்டு இருக்கற கரிதான் இந்த வாயுவை அதிகமா விடும், அதனால "அணைச்சுட்டோம்ல"ன்னு உள்ள தூக்கிட்டும் வராதீங்க.

டிஸ்கி: தங்க பற்பம், தங்க பஸ்பம் பத்திக் கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். அதுலயும் நுண்ணிய தங்கம் இருக்குதான், ஆனா அது மருந்துக் கதை, இது வாயுக் கதை. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி ஜல்லியடிக்க எனக்கு இஷ்டமில்லை. பதிவர்கள்ல வினையூக்கி ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கறவங்க இருந்தா, தங்க மணிகள் சூட்டுல ஒட்டிக்காம இருக்க இப்ப என்னென்ன வித்தை பண்றாங்கன்னு ஒரு பதிவு எழுதுங்க. படிக்கறதுக்கு முதல் ஆளா நான் வர்றேன்.